உப்புத் தயிர்

தயிர்க்காரியிடம் நன்றாகப் புளித்த தயிராகப் பார்த்து வாங்கிய ஜமீலுன்னிசா, உப்பும் புதினாவும் கலந்து கணவர் பீர் முஹம்மதுவின் முன் வைத்தாள்.

"ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டா இன்னா?"

"சர்க்கரை வியாதின்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க? ரேஷன்ல வர்ற உங்க பங்கு சர்க்கரையிலதான் நம்ம தாயில்லாப் பேத்தி பால் குடிச்சிக்கினு கீது."

"குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்று சிரித்துவிட்டுத் தயிரைக் குடித்தார்.

அவர் நாளுக்கு நாள் இளைத்தார். பயந்துபோன ஜமீலுன்னிசா, பாண்டி பஜாரில் இருந்த டாக்டர் சந்திரமௌலியிடம் தனியாகப் போனாள்.

"தயிர்ல கூட சர்க்கரை போடறதில்ல டாக்டர். இன்னும் இன்னா கொறைக்கணும்?"

"எதுக்கும்மா குறைக்கணும்?"

"அவரோட சர்க்கரை வியாதிக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். "அவருக்கா? சோதிச்சுப் பார்த்தாச்சே, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நன்னா சாப்பிடுங்கோன்னுதானே சொல்லியனுப்பினேன்!"

வீடு திரும்பியவளைப் பார்த்து, "எங்க போயிட்ட?" என்றார் பீர் முஹம்மது.

"டாக்டர்கிட்ட."

அவர் முகம் வெளுத்தது. "இன்னா சொன்னாரு?"

ஜமீலுன்னிசா உப்புத் தயிரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றை அவரிடம் தள்ளிவிட்டு, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் சர்க்கரை வியாதியாம்."