ஏழு மணி லைட்

எழுபத்தெட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குக் கரண்ட் தர ஒரே ஒரு எஞ்சின்தான். ராத்திரி ஏழு மணிக்குப் பேக்டரியில் தேயிலை வாட்டும் பெரிய காத்தாடியைப் போட்டால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் லைட் போய்விடும். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், அபசகுனம் என்று அந்த இருட்டிலேயே எழுந்து போய்விட்டன.

மூன்றாவதாக வந்தவர் பக்கத்து ஊரான திரிங்காப்பில் லோரி ஓட்டும் வீரமுத்து. அம்மாவைத் தன் லோரியிலேயே கூட்டி வந்திருந்தார்.

மணி ஏழு. லயமே இருண்டது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியாடா! பொண்ணு மகாலட்சுமி லா!" என்று அவர் அம்மா அப்போதே வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது லோரி ஸ்டார்ட் ஆகவில்லை.

"தட்டு மாத்தின கையோட இப்படிப் படுத்துக்கிச்சே, சகுனம் சரியில்லையேடா!"

"லோரிக்கு ஒண்ணும் இல்லம்மா. பேட்டரிதான் இல்ல."

"ஐயையோ, எவன் எடுத்தான்?"

"வந்து எறங்கினதும் நான்தான் கழட்டிக் குடுத்தேன். பொண்ணு வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு. இவ்ளோ நேரம் அந்த வெளிச்சத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"இங்க ஏழு மணிக்கு லைட் போவும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

அவர் முகம் மாறாமல் சொன்னார்: "போன வருஷத்துலேருந்து அந்த இருட்டுலதான்மா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்."