ரேகைப் படி

சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை நிறுத்தி, கேட்ட குறைக்கு மட்டும் படி என்று ஆக்கியதிலிருந்து எம்.எல்.ஏ. மங்கையர்க்கரசி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வாக்காளர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டார் என்று அந்த வாக்காளரே ரேகைப் பெட்டியில் கைரேகை வைக்க வேண்டும். ரேகை விழுந்தால்தான் டிரைவருக்கே சம்பளம் கொடுக்க முடியும்.

அன்றும் நின்றபடியே இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஹாரன் அடித்தது.

"மங்கை, ஒரு நிமிஷம் உட்காரேன்," என்றார் கணவர் தணிகாசலம். "ஸ்கேன் பார்த்துட்டாங்க. கட்டிதானாம். நாளன்னிக்கு அட்மிட் ஆகச் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

மறுபடியும் ஹாரன்.

"கவலைப்படாதீங்கய்யா, நான் பார்த்துக்கறேன்," என்று எழுந்தவள், ரேகைப் பெட்டியை அவர் முன் நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையை இழுத்துக்கொள்வதற்குள் தணிகாசலம் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டார்.

"இருக்கட்டும்," என்றார். "நானும் உன் தொகுதிதானே."