புது சென்ட்

குரோம் முலாம் பூசும் பட்டறையிலிருந்து வந்த கணவன் பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் மனைவி கழுத்தை நீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“புது சென்ட். எப்படி இருக்கு?”

“அடேங்கப்பா! தெருமுனை வரைக்கும் வந்து ஆளை இழுக்குதே!”

“மல்லியா, ரோஜாவா?”

“ரெண்டும் கலந்த மாதிரி... உனக்குன்னே செஞ்சிருக்கான்.”

அவள் சிரிக்கவில்லை. சென்ட் பாட்டிலை அவன் கையில் வைத்தாள். மூடியின் சீல்கூடப் பிரிக்கப்படவில்லை.

“காலைல கேஸ் கசிஞ்சு வீடே நாறுச்சு. நீங்க அடுப்புக்கிட்ட நின்னு சாவகாசமா லைட்டரைத் தேடுறீங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. எவ்வளவு நாளா இப்படி?”

அவன் தலை குனிந்தான்.

“குரோமிக் ஆசிட் தொட்டிக்கிட்டயே நின்னு நின்னு, அந்த ஆவி மூக்கை அரிச்சிடுச்சு. சொன்னா வேலையை விடுன்னு ஒத்தைக் கால்ல நிப்பே.”

“நிப்பேன்தான்!” அவள் குரல் உடைந்தது. “தினமும் வந்ததும் பாப்பா தலையை மோந்து பாத்து, ‘என்னா வாசனை!’ன்னு சொல்வீங்களே. அதுவும் பொய்தானா?”

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவன் பார்த்தான்.

“இல்லடி. அந்த வாசனை மட்டும் மறந்துடக் கூடாதுன்னுதான் தினமும் மோந்து பாக்குறேன்.”