மணலில் நேராக நின்ற படகு

விற்பனைக்கு வந்த இரண்டு மோட்டார் படகுகள் கடற்கரை மணலில் அருகருகே கிடந்தன. நீளமும் எஞ்சினும் ஒன்றுதான். வெள்ளைப் படகுக்குத் தட்டையான அடி, அதனால் நேராக நின்றது. நீலப் படகுக்குக் கூரான அடி, அதனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மீன்பிடிக்கப் படகு வாங்க வந்த கஸ்பார் நீலப் படகைக் காலால் தட்டினார். "கரையிலேயே நேரா நிக்கத் துப்பில்ல. கடல்ல இது எங்க நிக்கப் போகுது?"

நீலப் படகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அலையை வெட்டிக்கிட்டுப் போகத்தான்யா எனக்கு இந்த அடி. மணல்லயா வலை போடப் போறீரு?"

"கோணலா கிடக்குறதுக்கு வாய் வேறயா?" என்ற கஸ்பார், அங்கே நின்றவர்களிடம் வெள்ளைப் படகைப் புகழ்ந்து, அதையே பேசி முடித்துவிட்டு ஆள் கூட்டிவரப் போனார்.

நீலப் படகு வெள்ளையிடம் பாய்ந்தது. "நீ அலையில்லாத காயல் தண்ணிக்குச் செஞ்ச படகு. அதை அந்த ஆள்கிட்ட சொன்னா என்ன?"

"நேரா நிக்கிறேன்னு நாலு பேர் முன்னால புகழ்ந்தாரே," என்றது வெள்ளை. "அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

மறுநாள் கஸ்பார் கடலுக்குப் போனார். சின்ன அலைகூட வெள்ளைப் படகின் அடியில் ஓங்கி அறைந்தது. போன வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கரையில் இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"படகு தங்கமான படகு," என்றார் கஸ்பார். "கடல்தான் சரியில்ல."

வெள்ளைப் படகு மணலில் இன்னும் நேராக நிமிர்ந்து நின்றது.