இரண்டாவது முட்டை

பூர்ணா முட்டை திருடுகிறாள் என்பதைச் சந்திரசேகரன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

செகந்திராபாத் லோத்குண்டாவில் அவர் குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்குப் பின்சந்தில்தான் அங்கன்வாடி. கர்ப்பிணிகளை மத்தியானம் அங்கேயே உட்காரவைத்து, சோறு, பருப்பு, கீரையோடு ஒரு டம்ளர் பாலும் அவித்த முட்டையும் கொடுப்பார்கள். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பூர்ணாவுக்கு இது ஏழாவது மாதம். மத்தியானமானால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்; சாப்பிட்டுவிட்டு வந்துதான் மிச்சப் பாத்திரம்.

அந்தக் கிளம்பலே அவருக்குப் பிடிக்காது. சும்மா சோறு போட்டு ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் காலை தவறாமல் எழுதுவார். இலவசமாக வரும் குழாய்த் தண்ணீரில் குளித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்காருவார். அது மட்டும் அவர் கட்டிய வரிக்கு வருகிற தண்ணீராம், இலவசத்தில் சேராதாம்.

அன்று மருந்துக்கடைக்குப் போனவர் பின்சந்து வழியாகத் திரும்பினார். திறந்த கதவு வழியே பார்த்தால், பூர்ணா தன் தட்டில் இருந்த முட்டையைச் சாப்பிட்டு முடித்தாள். இன்னொரு முட்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆளுக்கு ஒன்றுதான் என்பது ஊருக்கே தெரியும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு நாட்டுக்குச் சேவை செய்ய அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார்.

டீச்சர் சாவித்ரி, தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை. தன் பெயர், ஃப்ளாட் நம்பர், அசோசியேஷன் செயலாளர் பதவி எல்லாவற்றையும் வரிசையாக அறிவித்துவிட்டு, பூர்ணாவிடம் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

திறந்தாள். உள்ளே முட்டை இருந்தது.

"யாருக்கு விக்கிற?"

பூர்ணா டப்பாவை மூடினாள். டீச்சர்தான் பதறிப்போய் விளக்கம் சொன்னாள். அது திருட்டு முட்டை இல்லையாம். இன்னொரு கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சேர வேண்டியது. அவளும் இங்கே பேர் பதிந்தவள்தான். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பூர்ணா எடுத்துப்போய்க் கொடுக்கிறாளாம்.

"இங்க வந்து உக்காந்து சாப்பிட்டாத்தானே கொடுக்கணும்? வீட்டுக்கு அனுப்பச் சொல்லி யார் சொன்னது?"

"ஹவ்... ஆமா சார், ரூல் அப்படித்தான். ஆனா அந்தப் பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி சார். அவங்க வீட்டுல முட்டை வாங்கித் தர மாட்டாங்க. அதான் பாவம்னு..."

"ஒரு முட்டை வாங்கித் தர வக்கில்லாத குடும்பத்துக்குப் பேரப்பிள்ளை ஒரு கேடா?"

டீச்சர் பூர்ணாவைப் பார்த்தாள். பூர்ணா தலையைக் குனிந்துகொண்டாள்.

பேரைச் சொல்லட்டுமா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கண்டவர்கள் பேரெல்லாம் தனக்கு எதற்கு என்று அவர் கையை வீசினார். நாளையிலிருந்து அந்த முட்டை நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மேலதிகாரிக்கு எழுதிப்போடுவேன் என்றார். போகிற போக்கில் பூர்ணாவிடம், நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பூர்ணாவின் கண்ணில் நீர் முட்டியது. பிரசவ நேரத்தில் வேலை போகிறது. ஒரு பேரைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். யாரிடமும் சொல்வதில்லை என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?" என்று டீச்சர் மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்கிற பழக்கம் இல்லாதவர் வெற்றியோடு வீடு திரும்பினார்.

மருமகள் அனுபமா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஐந்து மாதம். முழு ஓய்வு. ஆபீஸ் வேலைகூடப் படுக்கையில் இருந்தபடிதான். அவளைப் பார்த்த முதல் டாக்டர் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார். வாசல் தாண்டி முட்டை வராத சைவக் குடும்பத்தில் வந்து இப்படியெல்லாம் பேசலாமா என்று கொதித்து, சந்திரசேகரன் டாக்டரையே மாற்றிவிட்டார். முட்டைக்குப் பதில் தன் கையாலேயே பீட்ரூட் ஜூஸ் பிழிந்து தருகிறார். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் பீட்ரூட்டின் மகிமையும் தினசரி வந்துகொண்டிருக்கிறது.

டம்ளரை அவளிடம் நீட்டிக்கொண்டே, அங்கன்வாடியில் தான் நிகழ்த்திய சாதனையை ஒன்று விடாமல் சொன்னார். முட்டையை நிறுத்தியதைச் சொன்னார். பூர்ணாவை வேலையை விட்டு நிறுத்தியதையும் சொன்னார்.

"அவளை எதுக்கு மாமா நிறுத்தினீங்க?"

"யாருக்கும்மா அந்த முட்டைன்னா, வாயே திறக்க மாட்டேங்குறா. எவ்வளவு அழுத்தம் பாரு."

அனுபமாவுக்குள்ளே பயம் இருந்தது. பூர்ணாவை நினைத்ததும் அந்தப் பயம் போய்விட்டது. ஜூஸை வாங்காமல் எழுந்து உட்கார்ந்தாள்.

"பூர்ணாவை நாளைக்கு வரச் சொல்லுங்க மாமா. அப்படியே டீச்சர்கிட்டயும் போயி, நிறுத்தின பேரைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லுங்க."

"யார் பேரை?"

"அனுபமா, கேர் ஆஃப் சந்திரசேகரன்."