நெட்டையர்களின் குழந்தை

அவள் மார்பில் வேறொருத்தியின் குழந்தையை வைத்தார்கள்.

அவள் அதைப் பிடிக்கவில்லை. குழந்தை வழுக்கி மடியில் விழுந்து வீறிட்டது.

அவளுடைய மகன் குகைவாசலில் ஒரு நெட்டையனின் கையில் இருந்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

நெட்டையர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். மெலிந்த கால்கள். மேடில்லாத புருவங்கள். அவர்கள் வந்தபின் முதலில் மான்கள் போயின. பிறகு குகைகள். பிறகு அவள் சனங்கள், ஒவ்வொருவராக.

கடைசியில் அவளும் துணைவனும் மகனும்தான் மிஞ்சினார்கள்.

துணைவனை இன்று காலை ஓடைக்கரையில் ஈட்டியால் குத்திப்போட்டார்கள். அவளைக் கொல்லவில்லை. அவள் போர்த்தியிருந்த தோல் பாலில் நனைந்திருந்ததை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

அப்படிப் பார்த்தவளை மூரி என்று அழைத்தார்கள். அவளுடைய தங்கை பிரசவத்தில் செத்துப்போயிருந்தாள். தங்கையின் குழந்தையை மூரி மறுபடி எடுத்து, பிடித்துவந்தவளின் மார்போடு அழுத்தினாள்.

"பால் ஒரு புள்ளைக்குத்தான் பத்தும்," என்றாள், வாசலைப் பார்த்து. "அதக் கொண்டுபோய் பனியில போட்டுட்டு வா."

அவன் தயங்கினான்.

"நம்ம புள்ள மாதிரியேதான் அழுவுது, மூரி."

"அழும். நம்ம புள்ள இல்ல."

அவர்கள் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. அவன் திரும்பி வெளியே நடந்தது புரிந்தது.

பாய்ந்தாள். காலில் கட்டியிருந்த தோல்வார் இழுத்து, முழங்காலில் விழுந்தாள்.

மகனின் குரல் சரிவில் இறங்கியது.

அவள் நெட்டையர்களின் குழந்தையை இழுத்து, அதன் கழுத்தைச் சுற்றி விரல்களை மடித்தாள். காட்டெருமையின் தொடை எலும்பை முறிக்கிற கை அது.

மூரி ஈட்டியைத் தேடி எழுந்தாள். எட்டாத தூரத்தில் இருந்தது.

உள்ளே ஒரு அழுகை. வெளியே ஒரு அழுகை.

எந்த அழுகைக்கென்று தெரியாமல் அவள் மார்பு சுரந்தது. வயிறு வரை வழிந்தது.

குழந்தை வாயால் துழாவிப் பற்றிக்கொண்டது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னத் தொண்டை அவள் விரல்களுக்குள் அசைந்தது.

வெளியே அழுகை மெலிந்தது.

பிறகு காற்று மட்டும்.

நெட்டையன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் கைகளை நெருப்பில் காட்டினான்.

குழந்தை வாயை எடுத்துச் சிணுங்கியது. இன்னும் பசி.

அவள் அதன் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

அதன் தலைக்கு அடியில் கொடுத்து, மறு மார்புக்கு மாற்றினாள்.