மாமிக்குச் சொல்லாதை

"ஆரடா கிள்ளினது?"

கிணற்றடியில் நின்ற கிறிஸ்ரி இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பெர்னடெட் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை இழுத்துப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

"சொல்லு ராசா. அம்மா ஏசமாட்டன்."

நான்கு வயதுக்காரன் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு அவளது காதுக்குள் வந்து சொன்னான்.

"மாமிக்குச் சொல்லாதை, அம்மா."

வேலிக்கு அந்தப் பக்கம்தான் மாமி வீடு. மாமி என்றால் றெஜி, பெர்னடெட்டின் கணவன் டினேஸின் அக்கா. கலியாணமாகி எத்தனையோ வருடம், பிள்ளை இல்லை.

டினேஸ் விடியவே குருநகர்க் கரையிலிருந்து கடலுக்குப் போய்விடுவான். பெர்னடெட்டுக்கு டவுனில் புடவைக் கடையில் வேலை. மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் நிற்க, நேசறிப் பள்ளி விட்டு வரும் கிறிஸ்ரியைப் பின்னேரம் வரைக்கும் றெஜிதான் பார்த்துக்கொள்வாள்.

பங்குனி வெயில் தொடங்கினால் ஊரில் கொப்பளிப்பான் அம்மையும் தொடங்கிவிடும். கிள்ளியதாக இல்லாமல் அதுவாக இருக்கக்கூடாதோ என்ற நப்பாசையில் அன்றைக்கே மகனை டொக்டரிடம் கொண்டு ஓடினாள். அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நோய் வருத்தம் இல்லை, பிள்ளை. நல்லாக் கிள்ளின அடையாளம். பகலிலை இவனை ஆர் பாக்கிறது?"

பெர்னடெட் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரவு சாப்பாட்டுக் கோப்பையை வைத்தபடியே டினேஸிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான்.

"அக்காவோ? உமக்கென்ன விசரோ? இவன் பிறந்த நாள் தொடக்கம் தூக்கி வளர்த்தது அவதான்."

"அப்ப ஏன் மாமிக்குச் சொல்லாதை எண்டவன்?"

டினேஸ் கை கழுவ எழும்பினான்.

அடுத்த நாள் வேலை முடிந்து மகனைக் கூட்டிப்போக வந்தவள் றெஜி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். வேப்பம்பூக்கூட அசையாத புழுக்கம். கிறிஸ்ரியோ முழுக்கைச் சேட் போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் பூட்டி, வியர்த்து வழிந்துகொண்டு இருந்தான். நகங்களையும் யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"ஏன் மச்சாள், இந்த வெக்கைக்குள்ளை முழுக்கைச் சேட்?"

றெஜி தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சும்மாதான். நுளம்பு கடிக்குது."

"வேறை ஒண்டும் இல்லையே?"

மெசின் நின்றது. "உன்னோடை ஒண்டு கதைக்கோணும் எண்டு இருந்தனான்..." என்று தொடங்கிய றெஜி, பெர்னடெட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சரி விடு. நீயே களைச்சுப் போய் வாறாய்."

வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றினாள். பழைய தடிப்புகளுக்குப் பக்கத்தில் புதியதொன்று.

அன்றிரவு பெர்னடெட்டுக்கு ஏதேதோ ஞாபகம் வந்தது. நத்தார் பண்டிகை அன்று கிறிஸ்ரியை மடியில் வைத்துக்கொண்டு, "இவனை எனக்குத் தந்திடு" என்று றெஜி சிரித்தாள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பே வேறு மாதிரித் தெரிந்தது.

காலையில் கடை முதலாளியிடம் போய் நின்றாள்.

"திரும்பவும் லீவோ? போன மாதம்தானே மூத்த பிள்ளைக்குக் கொப்பளிப்பான் எண்டு நாள்கணக்கா வீட்டிலை நிண்டனீர்?"

"மத்தியானத்தோடை விடுங்கோ அண்ணை. என்ரை பிள்ளையின்ரை விசயம்."

ஓட்டோவை ஒழுங்கை முனையிலேயே நிறுத்தச் சொன்னாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வேலியடிக்கு வரும்போதே மகன் கத்தும் சத்தம் கேட்டது.

"விடுங்கோ மாமி! விடுங்கோ!"

யன்னலால் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இருந்த றெஜி, கிறிஸ்ரியின் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். சேட்டின் கை தோள் வரைக்கும் சுருண்டு கிடந்தது. அதற்குக் கீழே தசை சிவந்து, இரத்தம் கன்றிப்போய் இருந்தது.

பெர்னடெட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "விடுங்கோ என்ரை பிள்ளையை!"

றெஜி திடுக்கிட்டு எழும்பினாள். ஆனால் பிடியை விடவில்லை. "பெர்னடெட், நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேள்..."

"என்னத்தைக் கேக்கிறது? கண்ணாலை கண்டிட்டன். பெத்திருந்தால் எல்லோ பிள்ளையின்ரை நோவு தெரியும்!"

றெஜியின் விரல்கள் தாமாகக் கழன்றன. அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

மகனைத் தூக்கப் பெர்னடெட் குனிந்தாள். அவன் ஓரடி விலகினான். தன் வலது கையால் இடது கைத் தசையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலமெல்லாம் கூட்டித் தன்னைத்தானே முறுக்கிக் கிள்ளினான். கண்ணில் நீர் முட்டியது. சிரித்துக்கொண்டு அந்தக் கையை அம்மாவிடம் நீட்டினான்.

"பாரம்மா, எனக்கும் அக்கா மாதிரிக் கொப்பளிப்பான் வந்திட்டுது. இனி நீ வேலைக்குப் போகமாட்டாய்தானே?"